வெட்டக் கூடாத திட்டு

"மேஸ்திரி, அந்த எடத்துல ஒரு மம்பட்டி கூட விழக் கூடாது."

விருத்தாம்பாள் இதைச் சொன்னபோது அவள் கணவன் சம்மந்தம் நூறடி தள்ளி, செலியமேட்டுச் சாலையோரம் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முளைக்குச்சியை அடிக்க ஓங்கிய ஆதிமூலம் மேஸ்திரியின் கை அந்தரத்தில் நின்றது.

"எந்த எடம்மா?"

அவள் மோவாயால் காட்டினாள். மனையின் பின்மூலை. நொச்சிப் புதரை ஒட்டி, லேசான மேடு.

"அதான் நல்ல செம்மண்ணு. அங்க இன்னா இருக்கு?"

"எம் புள்ள இருக்கான்."

மேஸ்திரி முளைக்குச்சியைக் கீழே போட்டார்.

அது தாழ்ந்த மனை. மழை வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும். பின்பாதியை மூன்றடி வெட்டி, அந்த மண்ணால் முன்பாதியை உயர்த்தி, அதன்மேல் வீடு கட்டுவது என்பது சம்மந்தத்தின் திட்டம். சைகோனில் ஒரு துணிக்கடையில் முழக்கோல் பிடித்துச் சேர்த்த காசு. இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம் அவன் ஊர் திரும்பினான். பாகூர் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை வைத்தான். பிறகு எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே பதில்: "வூடு ஒண்ணு எழும்பட்டும், எல்லாம் சரியாப் போயிடும்."

எல்லாம் என்றால் பிள்ளை போன துக்கம்தான். அவன் கப்பலேறும்போது அவளுக்கு மூன்று மாதம். பிறந்தவனுக்குச் சின்னதம்பி என்று கடிதத்தில் பெயர் வைத்தான். இடுப்பில் கட்டச் சொல்லி ஒரு வெள்ளி மணியும், போர்த்த ஒரு பூக்கரைத் துணியும் அனுப்பினான். பதினான்காம் மாதம், ஐப்பசி அடைமழையில், குழந்தை ஜுரத்தில் போய்விட்டது. ஆற்றங்கரை இடுகாடு தண்ணீருக்கடியில் கிடந்தது. மாமனார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த மனைக்கு வந்தார். இரண்டடிக்கு மேல் தோண்ட முடியவில்லை, தண்ணீர் ஊறியது.

"தலச்சன் புள்ள. எவனாவது மந்திரவாதி மண்டையோட்டுக்காக மோப்பம் புடிச்சிக்கினு வந்து தோண்டுவான். எடத்த யாருக்கும் சொல்லாத. அவனுக்கும் எழுதாத" என்றார். அடுத்த தையில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே ஆற்றங்கரை என்றே எழுதினாள். ஊர் வந்த முதல் நாள், "எடத்தக் காட்டு" என்று அவன் கேட்டபோது ஆற்றங்கரையில் கைபோன போக்கில் ஓர் இடத்தைக் காட்டினாள். அவன் அங்கே குந்தி அழுதான். ஐப்பசி தோறும் சொம்பில் பால் கொண்டுபோய் அந்த வெறும் மணலில் ஊற்றினான். முதல் சொம்பு ஊற்றியதும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது சொம்புக்குப் பிறகு அவளுக்கு வாயே வரவில்லை.

"இப்ப சொல்லிடேம்மா" என்றார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மேஸ்திரி.

"பொணம் பொதைச்ச எடத்துல வூடு கட்ட மாட்டாரு. மனைய வித்துடுவாரு. வாங்கறவன் தோண்டுவான்."

மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மண் வெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று காட்ட, பள்ளத்துக்குள் இரண்டு இடத்தில் மண்ணைத் தொடாமல் திட்டாக விட்டுவிடுவார்கள். அதற்குச் சாட்சி என்று பெயர். சாட்சியின் உயரம்தான் பள்ளத்தின் ஆழம், கூலியும் அதை வைத்துத்தான்.

"ஒரு சாட்சிய இங்க வுட்டுடறேன். அளந்ததும் வெட்டிடறதுதான் வழக்கம். நான் வெட்டாம போயிடறேன். இந்த வாயிலருந்து சேதி வெளிய வராது."

எட்டு நாள் வேலை நடந்தது. பள்ளம் இறங்க இறங்க, பிள்ளை உயர உயர வந்ததுபோல் இருந்தது விருத்தாம்பாளுக்கு.

ஒன்பதாம் நாள் காலை சம்மந்தம் அளக்க வந்தான். முதல் சாட்சி மூன்றடி. தலையாட்டினான். இரண்டாவது சாட்சியில் கோலை நிறுத்தினான். மறுபடி நிறுத்தினான்.

"மேஸ்திரி! இது இன்னா மூணரை?"

விருத்தாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது. மழை கரைத்துவிடக் கூடாது, நரி பறித்துவிடக் கூடாது என்று இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு கை மண் அள்ளிப் போட்டிருந்தாள். ஐந்து வருஷம். அந்த அரையடி அவள் கை மண்.

"இங்க நெலம் கொஞ்சம் மேடுங்க" என்றார் மேஸ்திரி.

"யார்கிட்ட கதை வுடற? ராவோட ராவா சாட்சி தலையில மண்ண ஏத்தி ஆழம் காட்டற வேலை எனக்குத் தெரியாதா? சைகோன்ல சீனாக்காரன் கோலயே திருப்பி அளந்தவன்யா நான்!"

கூலிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேஸ்திரி ஒரு கணம் விருத்தாம்பாள் பக்கம் திரும்பினார். பிறகு தலையைக் குனிந்தார்.

"ஆமாங்க. ஏத்தினேன். தப்புதான். அரையடிக் கூலிய கழிச்சிக்கோங்க. சாட்சிய வுட்டுடுங்க."

முப்பது வருஷம் சாட்சியில் கை வைக்காத மனுஷன், தன் ஆட்கள் முன்னால் திருடன் என்று ஒத்துக்கொண்டார். விருத்தாம்பாளின் தொண்டைவரை வார்த்தை வந்தது. பிழைத்தோம் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அந்த ஒரு மூச்சு நேரம் அவள் பேசாமல் இருந்தாள்.

"தலையில மட்டும் ஏத்தினியா, அடியோட ஏத்தினியா? வெட்டிப் பாத்தா மண்ணு சொல்லிடும்!"

பக்கத்தில் கிடந்த மம்பட்டியைச் சம்மந்தம் எடுத்தான். மேஸ்திரி குறுக்கே பாய்ந்தார். தள்ளிவிட்டான்.

"வெட்டாதீங்க!" விருத்தாம்பாள் பள்ளத்துக்குள் குதித்தாள்.

"இவனுக்கு நீ இன்னாடி வக்காலத்து?"

முதல் வெட்டு பக்கவாட்டில் இறங்கியது. மண் சரிந்தது.

"பாருங்கடா! கெட்டி மண்ணே இல்ல. ரெண்டடிக்குக் கிளறின மண்ணு! மொத்தமும் கள்ளச் சாட்சி!" ஜெயித்த குரலில் கத்திக்கொண்டே இரண்டாவது வெட்டை ஓங்கிப் போட்டான்.

மண்ணோடு ஏதோ உருண்டு அவன் காலடியில் விழுந்தது.

சுண்டைக்காய் அளவு. கறுத்துப்போயிருந்தது. குனிந்து எடுத்தான், கட்டைவிரலால் தேய்த்தான். வெள்ளி மினுங்கியது. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். உள்ளே மண் அடைத்திருந்தது. சத்தம் வரவில்லை.

அவன் திட்டைப் பார்த்தான். வெட்டின இடத்தில் மக்கிய துணியின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பூக்கரை இன்னும் தெரிந்தது. அவன் அனுப்பிய துணிதான்.

மம்பட்டி கையிலிருந்து நழுவியது.

"விருத்தா. தல எந்தப் பக்கம்?"

"தெக்க."

அவன் வெட்டியது வடக்குப் பக்கம். மண்டியிட்டு விழுந்தான்.

"அப்ப ஆத்தங்கரையில... ரெண்டு வருஷமா பால் ஊத்தினேனே. அங்க யாரு இருந்தது?"

"யாருமில்லீங்க. இவன் இங்கதான். அந்த அரையடி நான் கை கையாப் போட்ட மண்ணு."

அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவன் மேஸ்திரியை நிமிர்ந்து பார்த்தான், இரண்டு கையையும் கூப்பினான். மேஸ்திரி வேறெங்கோ பார்த்தபடி ஆட்களைச் சாலைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

சம்மந்தம் அந்த மணியைத் துணியோரத்தில் பழையபடி வைத்தான். சரிந்த மண்ணைக் கையால் அள்ளி அள்ளி வெட்டில் அப்ப ஆரம்பித்தான். விரலால் அழுத்தினான், சரிந்தது, மறுபடி அள்ளினான்.

விருத்தாம்பாளும் குனிந்து ஒரு கை மண் எடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நீ அஞ்சு வருஷம் போட்டுட்ட," என்றான். "வுடு."