அவுரிக் கிட்டங்கி

மீமிசல் நூலகத்துக்கு இசைவாணி நூலகராக வந்து ஆறு வருஷமாகிறது. அவள் பேரில் ஒரு புகார் கிடையாது. யாரோடும் சண்டை கிடையாது. "அந்தம்மா உண்டு, புத்தகம் உண்டு" என்றுதான் ஊரில் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு, இறால் கம்பெனி வாசலில் ஸ்கூட்டியைக் குறுக்கே போட்டு நிறுத்திக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றாள்.

எல்லாம் வாசகர் வட்டம் நடத்திய கூட்டத்தில் ஆரம்பித்தது. 'கம்பெனிக் கப்பல்களும் வங்காளமும்' என்று தலைப்பு வைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் பேச்சும் கண்காட்சியும் ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் வாரம், சோழமண்டலக் கரையிலிருந்து உப்பு ஏற்றிப்போன கப்பல்கள் வங்காளத்து நெல்லோடு திரும்பியதைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவது வாரம் பஞ்சம். அன்றைக்குப் பேசியவர் வட்டத்தின் தலைவர் அறிவுச்செல்வன். இறால் ஏற்றுமதி செய்கிறவர். நன்றாகப் படித்தவர், யாரையும் ஒருமையில் கூப்பிடாதவர். கோடிப் பேர் வங்காளத்தில் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோதும் கம்பெனிக்காரன் வரி வசூலை விடவில்லை என்று சொல்லும்போது அவர் அழுதேவிட்டார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. இசைவாணியும்தான்.

மூன்றாவது வாரம், நீலச் சாயம் எடுக்கிற அவுரிச் செடியின் சாகுபடி. அதைப் பற்றிப் பேச வங்காளத்துக்காரர் ஒருவரையே கூப்பிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அறிவுச்செல்வனிடம் கேட்டாள்.

"அருமையான யோசனை மேடம். நம்ம கம்பெனியிலயே நாப்பது பொண்ணுங்க இருக்காங்க. தமிழ் பேசுறவங்களா ஒருத்தர அனுப்பி வைக்கிறேன்" என்றார்.

அப்படி வந்தவள்தான் ஷெபாலி. மேற்கு வங்காளத்தில் நதியா மாவட்டம். முப்பது வயதிருக்கும். இறால் உரிக்க வந்து நாலு வருஷம். பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிற உள்ளூர்க்காரி முனியாயியிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முனியாயியும் துணைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஷெபாலி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள். "எங்க ஊரு ஆத்தங்கரையில இடிஞ்ச கட்டடம் ஒண்ணு இருக்கு. நீல்குட்டின்னு சொல்லுவாங்க. வெள்ளக்காரன் அவுரி ஊறவச்ச எடம். நெல்லு போடுற நெலத்துல அவுரி போடுன்னு சொல்லுவான். மாட்டேன்னு சொன்னவன அங்க இருக்குற கிட்டங்கியில போட்டு வெளிய பூட்டிருவான். சின்ன வயசுல நாங்க அந்தப் பக்கம் வெளையாடப் போகமாட்டோம்."

முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேசி முடித்ததும் பின்னாலிருந்து யாரோ, "இங்க எங்க ஊரு ஒங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். நல்ல வார்த்தையாக ஏதாவது வரும் என்று எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

ஷெபாலி கொஞ்சம் யோசித்தாள். "இங்கயும் வெளியதான் பூட்டுறாங்க. எறா திருட்டுப் போகுமாம். ஆடி மாசம் ஐஸ் ரூம்ல கேஸ் கசிஞ்சிருச்சு. நாங்க கதவ அடிக்கிறோம், தொறக்க ஆள் இல்ல. சாவி வாட்ச்மேன்கிட்ட, வாட்ச்மேன் டீக்கடையில. சுமித்ரான்னு ஒரு பொண்ணு, பத்தொம்பது வயசு. அவளுக்கு இப்ப எடது கண்ணு தெரியல. ஊருக்கு ரயில் ஏத்தி விட்டுட்டாங்க."

அறிவுச்செல்வன் சிரித்துக்கொண்டே மேடையேறி மைக்கை வாங்கினார். "தங்கைக்கு மொழி கொஞ்சம் சிக்கல். பாதுகாப்புக்காகப் பூட்டுறத அவங்க அப்படிச் சொல்றாங்க" என்றவர், பொன்னாடையை எடுத்து ஷெபாலியின் தோளில் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். ஜனம் கைதட்டியது. இசைவாணி கையில் இருந்த தாளைப் பார்த்து நன்றியுரை வாசித்தாள். தலைவர் பேரையும் வாசித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உடம்பு எரிந்தது. தட்டில் சோற்றைப் போட்டு அப்படியே மூடி வைத்தாள். அந்த ஆள் மேல் வந்த கோபத்தை விட, ஒரு வரி விடாமல் நன்றியுரை வாசித்த தன் வாயின் மேல்தான் கோபம் அதிகமாக வந்தது. தொண்ணூறு பேர் இருந்தோமே, அந்தப் பெண்ணுக்கு இப்போது கண் எப்படி இருக்கிறது என்று ஒருத்தராவது திரும்பக் கேட்டோமா? கூப்பிட்டவள் நான். நானும் கேட்கவில்லையே.

மறுநாள் காலையில் நூலகம் திறந்த கொஞ்ச நேரத்தில் முனியாயி மூச்சிரைக்க வந்தாள்.

"அக்கா, ஷெபாலிய வேலைக்கு வேணாம்னுட்டாக. சாயங்கால ரயிலுக்குக் கொண்டுபோயி ஏத்துவாகளாம். அதுவரைக்கும் வெளிய யாரோடயும் பேசிறக் கூடாதுன்னு உள்ள வச்சிருக்காக. போனையும் வாங்கிட்டாக."

"ஒன்ன எப்படி விட்டாங்க?"

"நான் இங்கிட்டு உள்ளவதான? வயித்து வலின்னு சொன்னேன், அனுப்பிட்டாக. அவளுக எங்க போவாளுக? எப்பவும் போல நாப்பது பேரையும் வச்சுப் பூட்டிட்டாக."

இசைவாணி மேஜை மேல் கிடந்ததை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

இறால் உரிக்கிற ஷெட்டின் கதவு இரும்புக் கதவு. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கியது. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தமும் பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டன. தகவல் போய், அறிவுச்செல்வன் ஆபீஸிலிருந்து இறங்கி வந்தார்.

"வாங்க மேடம். உள்ள வந்து உக்காருங்க, டீ சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

"பூட்டத் தொறங்க சார்."

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. அது நூத்தி அறுபது வருஷத்துக்கு முந்தி நடந்த கொடுமை. இது தொழில் நடைமுறை. ரெண்டையும் போட்டுக் குழப்பலாமா?"

"போன வாரம் அழுதீங்களே சார், அது யாருக்கு? செத்துப்போனவங்களுக்கு மட்டும்தான் அழுவீங்களா?"

அவர் முகம் முதல்முறையாகச் சிறுத்தது. "நூலகத்துக்கு ரெண்டு பீரோ நான் வாங்கிக் குடுத்தது மேடம்" என்றார் மெதுவாக.

"நாளைக்கே வண்டி வச்சு எடுத்துட்டுப் போங்க" என்றாள் இசைவாணி. ஸ்கூட்டியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாசகர் வட்டத்தில் ஒவ்வொருவராகப் போன் போட்டாள். ஒருவர் அறந்தாங்கியில் இருப்பதாகச் சொன்னார். ஒருவர், "பேசித் தீர்த்துக்கலாமே மேடம்" என்றார். முன்வரிசையில் கண் துடைத்த அம்மா போனை எடுக்கவே இல்லை. இருபத்திரண்டு பேருக்கு அடித்தும் வந்து நின்றது இரண்டு பேர். அடுத்ததாகத் தீயணைப்பு நிலையத்துக்கு அடித்தாள். அமோனியா ஓடுகிற கட்டடம், உள்ளே நாற்பது பெண்கள், கதவு வெளியே பூட்டியிருக்கிறது, ஆடி மாசம் ஏற்கெனவே கசிந்திருக்கிறது. நான்கையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்ததும் கடைத்தெருவே திரண்டுவிட்டது. அதிகாரி சாவி கேட்டார். வாட்ச்மேனைத் தேடினார்கள். அன்றைக்கும் அவன் டீக்கடையில்தான் இருந்தான். அதிகாரி அறிவுச்செல்வனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெட்டுங்கப்பா" என்றார். பூட்டு கீழே விழுந்தது.

பெண்கள் கையுறையோடு, ரப்பர் பூட்ஸோடு வெயிலுக்கு வந்தார்கள். கடைசியாக வந்த ஷெபாலி இசைவாணியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "பேசச் சொன்னது நீங்க. பேசினது நான். இப்ப இவங்களுக்கெல்லாம் வேல போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டாள். "நீ சொல்றது சரிதான்" என்றாள் இசைவாணி.

கம்பெனி பதினொரு நாள் மூடிக் கிடந்தது. பிறகு உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கதவு ஒன்றும் பின்பக்கம் இன்னொரு வழியும் வைத்த பிறகே அதிகாரிகள் திறக்கவிட்டார்கள். முப்பத்தொரு பேர் வேலைக்குத் திரும்பினார்கள். ஷெபாலியைத் தவிர மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஷெபாலிக்குக் கட்டுமாவடியில் மீன் பிரிக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. முனியாயி சொல்லி வாங்கிக்கொடுத்தாள். சுமித்ராவின் கண்ணுக்கு நஷ்டஈடு கேட்டு இசைவாணி எழுதிய மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. வாசகர் வட்டம் அதோடு கூடவில்லை. நல்லாப் போய்க்கொண்டிருந்ததை அந்தம்மா கெடுத்துவிட்டாள் என்று பேச்சு.

கார்த்திகையில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அறிவுச்செல்வன் காரை நிறுத்தி இறங்கி வந்து கும்பிட்டார்.

"நடந்தத மறந்துருவோம் மேடம். தை மாசம் மறுபடி ஆரம்பிக்கலாம். என்ன தலைப்பு வைக்கலாம், சொல்லுங்க."

இசைவாணி கை கூப்பவில்லை. "சுமித்ரா வீட்டு அட்ரஸ் என்கிட்ட இருக்கு சார். எழுதிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவர் பேனாவை எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தார். கட்டுமாவடி பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.