குருணை அளவு ஈரல்

மூன்று வருடம் நான் செத்த ஆமைகளோடுதான் குடித்தனம் நடத்தினேன். ஜனவரி வந்தால் போதும், கோடியக்கரையில் ஒதுங்கும் ஒவ்வொன்றையும் வனத்துறை அனுமதியோடு மூக்கைப் பொத்திக்கொண்டு அறுத்துப் பார்ப்பேன். எனக்கு வேண்டியது ஈரலில் இருக்கும் டெலோசைட் என்ற செல். உறுப்பின் திசுக்களை இணைத்துப் பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. உடம்பு துளியூண்டு, அதிலிருந்து நூல்போலக் கைகள் நீண்டு அக்கம்பக்கத்துச் செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். உயிர் போனால் சீக்கிரமே நைந்துவிடும். கரை ஒதுங்கிய ஆமையில் எனக்குக் கூழ்தான் மிஞ்சியது.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் அழுதுவிட்டேன். இந்த வருடமும் அந்தச் செல்லின் நுண்ணோக்கிப் படம் கிடைக்காவிட்டால் என் படிப்பு அவ்வளவுதான் என்றேன். என் அப்பா அய்யாவு ஃபைபர் படகில் போய் வலை போடுகிறவர். வலையில் திணறிச் செத்த ஆமை கிடைத்தால், ஈரலில் அரிசிக் குருணை அளவு வெட்டி, கெடாமல் காக்கும் மருந்தில் போட்டு ஐஸில் வைக்கச் சொல்லி ஒரு குப்பியைக் கொடுத்தேன். எவ்வளவு புதுசோ அவ்வளவு நல்லது என்றும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அப்பாவுக்கு ஆமை என்றால் குட்டியாண்டவர். வலையில் உயிரோடு வந்தால் நூலை அறுத்து, மஞ்சள் வைத்துக் கும்பிட்டுக் கடலில் விடுவார். அறுந்த வலைக்காக அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மாசி பிறந்ததும் குப்பி வந்தது. ராத்திரியே மாட்டிச் செத்திருக்கும், விடிந்துதான் வலையை இழுத்தோம் என்று போனில் சொன்னார்.

படம் வந்த அன்று திருவாரூர் ஆய்வகத்தில் என் வழிகாட்டி மர்யம் மேடம் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். செல்லின் ஒரு கைகூட அறுபடவில்லை. இதேபோல இன்னும் இரண்டு ஆமையில் காட்டிவிட்டால் முடிந்தது என்றார். வலையை இழுத்தவர்கள் கண்ணெதிரே செத்த ஆமை என்று எண்ணியிருப்பார். ராத்திரிக் கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் போன பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி செத்த ஆமையில் காலையில் இப்படி இருக்காது. வெட்டும்போது அதற்கு உயிர் இருந்திருக்கிறது.

அன்றைக்கே பஸ் ஏறினேன். அப்பா படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"உசுரோடதானப்பா வெட்டுனீங்க?"

எப்படித் தெரிந்தது என்று கேட்டார். படத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்றேன். மறுபடி குனிந்து தண்ணீர் இறைத்தார்.

"மஞ்ச வெச்சுக் கும்புட்டுட்டுத்தான் பாப்பா செஞ்சேன். கண்ணுலேர்ந்து தண்ணி விட்டுச்சு. தொடச்சு விட்டேன்."

அது அழுகை இல்லை, உடம்பிலிருக்கும் உப்பைக் கழிக்கும் சுரப்பி என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

"சரியா வந்துச்சா?" என்றார்.

அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. வீணாகிவிட்டது என்றால் இன்னொன்றை வெட்டுவார். நன்றாக வந்தது, இன்னும் இரண்டு வேண்டும் என்றாலும் வெட்டுவார்.

"நல்லா வந்துச்சுப்பா. இது ஒண்ணே போதும்."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தப் படத்தை நான் எங்கும் காட்ட முடியாது. எப்படிக் கிடைத்தது என்று யாராவது துருவினால், ஆமையைக் கொன்ற குற்றத்துக்கு அப்பா ஜெயிலுக்குத்தான் போவார். மேடத்திடம் காரணம் சொல்லாமல் ஆய்வை விட்டுவிட்டேன். இப்போது கும்பகோணத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு இது தெரியாது. மகள் சீக்கிரம் டாக்டர் பட்டம் வாங்கிவிடுவாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். வலையில் ஆமை வந்தால் மட்டும் அவர் கை வைப்பதில்லை. அண்ணன் மனோகரன்தான் நூலை அறுத்து விடுகிறான். அது தண்ணீருக்குள் போகும்வரை அப்பா மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்.