ஆர்லிஸின் பையிலிருந்த துடைகோல்

தந்தை ஹாய்ட் வியட்நாமில் மாண்டபோது லோனா கைக்குழந்தை. இப்போது கடைசல் பட்டறையில் பணிபுரியும் அவள், அவர் ஏந்திய படைத்துப்பாக்கியைப் போன்ற ஒன்றைத் தன் கையாலேயே செய்து முடித்திருந்தாள். கிடைத்த உறுப்புகளை வாங்கினாள், கிடைக்காதவற்றைக் கடைந்தாள். குழல் மட்டும் அக்காலத்ததாகவே இருக்கவேண்டுமென்று பிடிவாதமாயிருந்தாள். பின்னாளில் வந்த, உட்புறம் குரோமியம் பூசிய குழல்களை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மாண்ட வீரர் நினைவு நாளன்று அது படைவீரர் மன்றத்துச் சுவரில், அப்பாவின் படத்தின்கீழ்த் தொங்கவேண்டும். அதற்குமுன், அவருடைய அணியிலிருந்த இருவரும் அதைச் சுட்டுப் பார்த்து, இதுதான் என்று சொல்லவேண்டும்.

மலையடிவாரச் சுடுகளத்தில் வெண்டல் முதலில் சுட்டார்.

“காதுகிட்ட சுருள்வில்லு டொய்ங்குன்னு கத்துது பாரு, அதேதான். பொம்மைக் கடையில வாங்கிக் குடுத்துட்டாங்கன்னு திட்டிக்கிட்டே தூக்கிட்டுத் திரிஞ்சோம்.”

ஆர்லிஸ் துப்பாக்கியைத் தொடவில்லை. அவருடைய மேலங்கிப் பையில், துண்டு துண்டாகக் கழற்றிய, குழலுக்குள் விட்டுத் துடைக்கும் எஃகுத் துடைகோல் வழக்கம்போல் துருத்திக்கொண்டிருந்தது.

“தன் கல்யாணத்துக்கே அந்தக் கோலோடதான் வந்தான் அம்மாடி,” என்றார் வெண்டல். “மோதிரத்த மறந்துட்டான், கோல மறக்கல.”

“வாய மூடிக்கிட்டு காப்பியக் குடிடா.”

லோனா சிரித்துக்கொண்டே துப்பாக்கியை வாங்கிச் சுட்டாள். சில குண்டுகளுக்குப் பின் அது ஓய்ந்துவிட்டது. வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு வெளியேறாமல் குழலுக்குள் சிக்கிக்கொள்ள, அடுத்த தோட்டா அதன் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் திரும்புவதற்குள் ஆர்லிஸ் தரையில் குப்புறக் கிடந்தார். பாராமலே கோலின் துண்டுகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பூட்டியவாறு முழங்கையால் ஊர்ந்து வந்தார்.

“ஹாய்ட், தலைய தூக்காத. கோலு எங்கிட்டதான் இருக்கு. வரேன், இதோ வரேன்.”

வெண்டலின் கையிலிருந்த காப்பி அவர் காலணியின்மீது சிந்திக்கொண்டிருந்தது. அவர் அதை உணரவில்லை.

“டேய் ஆர்லிஸ். எழுந்திருடா. நம்ம ஊருடா இது.”

லோனா வெண்டலிடம் திரும்பினாள். “பீரங்கிக் குண்டு விழுந்து ஒரு நொடியில போயிட்டார்னுதானே அம்மாகிட்ட சொன்னீங்க?”

“அவளுக்கு அதுதான் நல்லதுன்னு நெனச்சோம்மா.” வெண்டல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “உங்கப்பா துப்பாக்கியிலயும் இதே மாதிரிதான் சிக்குச்சு. முன்னாலேருந்து கோல விட்டுத் தள்ளணும். அணிக்கே ஒரு கோலு, அது இவன்கிட்ட. இவன் ஊர்ந்து போய்ச் சேர்றதுக்குள்ள அவனுங்க வந்துட்டானுங்க. பூச்சில்லாத குழாயில்லையா, அந்த ஈரத்துல உள்ள துருப்புடிச்சுடும்.”

அவள் குழலைப் பார்த்தாள். அப்பாவைக் கொன்றதை ஊரூராகத் தேடிப் பிடித்து, துடைத்து, எண்ணெயிட்டு, தன் கையாலேயே பூட்டியிருக்கிறாள். கையிலிருந்த இரும்பு திடீரென்று கனத்தது.

ஆர்லிஸ் எழுந்து வந்தார். முழங்காலெல்லாம் மண். “குடும்மா. தள்ளி எடுத்துடறேன்.”

“வேணாம் மாமா.” வெடிக்காத தோட்டாக்களை மட்டும் கழற்றிவிட்டு, சிக்கிய கூட்டை அப்படியே விட்டாள். பிறகு கையை நீட்டினாள். “அந்தக் கோலைக் குடுங்க.”

அவர் அதை உடனே விடவில்லை. “அவனுக்குன்னு எடுத்துட்டுப் போனதும்மா.”

“தெரியும். அவர்கிட்டயே குடுத்துடலாம்.”

நினைவு நாளன்று, கூடு சிக்கியபடியே அத்துப்பாக்கி சுவரில் தொங்கியது. அதன் குழல்வாயில் துடைகோல் பாதி இறங்கியிருந்தது. அழகாயிருக்கிறது என்று சொல்ல வந்தவர்கள் அதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினர். ஆர்லிஸ், கொடிக்கு வணக்கம் செலுத்திய கையை இறக்கியதும், தம் வெறும் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.