மூன்றாம் லீவரின் கம்பி

ரயிலுக்கு வழிவிட முழுதாக இறங்கவேண்டிய கைகாட்டி பாதி இறங்கி நின்றுவிட்டது. நீராவி ரயில் அதன் முன்னால் நின்று கூவிக்கொண்டிருக்க, பெட்டிகளிலிருந்த பிள்ளைகள் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்கள். மருந்துக்கடைக்காரி தண்டவாளத்தோரம் ஓடிப்போய்ப் பார்த்தாள். சிக்னல் கேபினின் மூன்றாம் லீவரிலிருந்து கைகாட்டிவரை கப்பிகளின் மேல் ஓடும் கம்பி தொய்ந்து கிடந்தது. முந்தின நாள் அவளே இறுக்கிய திருகை யாரோ தளர்த்தியிருந்தார்கள். இது முதல் தடவையல்ல.

கைவிடப்பட்ட அந்தப் பழைய தடத்தில் சம்பளம் வாங்காமல் ரயில் விட்டுக்கொண்டிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். கேபினில் லீவர் இழுப்பவர் அவளுடைய அண்ணன், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கம்பிகளையும் கப்பிகளையும் பார்த்துக்கொள்வது அவளும், புதிதாகச் சேர்ந்த வெல்டரும். வெல்டர் அதிகம் பேசமாட்டான். சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய் உட்காருவான். சந்தேகப்பட அதுவே போதுமானதாக இருந்தது.

"அவன் வந்ததுலேருந்துதான் இதெல்லாம்," என்றார் அண்ணன். "நான் ஒண்ணும் சொல்லல. நீயே யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க, அவன் ஸ்பேனரைத் துடைக்கும் விதம்கூடக் கள்ளத்தனமாகப் பட்டது. அவன் பையை மாட்டினால் அவள் கண் பைக்குள் போயிற்று. கடைசியில், கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்று அவளே அவனிடம் சொன்னாள். காரணம் கேட்பான் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. வளைவில் இருக்கும் கப்பி தேய்ந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். மடியில் கனமில்லாதவன் கேட்டிருப்பானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அடுத்த ஓட்டத்துக்கு முந்தின மாலை அந்தக் கப்பியைப் பார்க்கப் போனவள், கைகாட்டியின் அடியில் ஒருவர் குந்தியிருப்பதைக் கண்டாள். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அண்ணன் இடது கையால் ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. "தோள்பட்டை போயிடுச்சும்மா. கம்பி இறுக்கமா இருந்தா லீவர் வரமாட்டேங்குது. தெரிஞ்சா என்னை கேபினை விட்டு இறக்கிடுவாங்க."

மருந்துக்கடை வைத்திருக்கும் தங்கையிடம் ஒரு வலி மாத்திரைகூட அவர் கேட்டதில்லை. வேறு எந்தக் கடையில் வாங்கினார், எத்தனை நாளாக? பிறந்ததிலிருந்து தெரிந்த முகத்தை அவள் புதியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"சரி. அந்த வெல்டர் என்ன பாவம் பண்ணான்?"

அண்ணன் ஸ்பேனரை அவளிடம் நீட்டினார்.

அவள் ஸ்பேனரை வாங்கித் திருகை இறுக்கினாள். காலையில் வெல்டரின் பட்டறைக்குப் போகப்போவதாகவும், அவரும் வரவேண்டும் என்றும் சொன்னாள். வருகிறேன் என்றார். அந்தச் சொல்லையும் அவளால் நம்ப முடியவில்லை.

ஆனால் வந்தார். அவள் ஓட்டிய பைக்கிலிருந்து பட்டறைக்கு எதிரே இறங்கி, அவளை முன்னால் போகச் சொன்னார். அவள் சாலையைக் கடந்து, தீப்பொறி பறக்கும் வாசலில் நின்றாள். வெல்டர் முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றினான். அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டிப் பார்த்தான். அவளும் திரும்பினாள். லாரிகள் போய்முடிந்து சாலை காலியாக இருந்தது. அண்ணன் எதிர்ப்பக்கத்து ஓரத்தில், ஒரு கால் தாரிலும் ஒரு கால் மண்ணிலுமாக நின்றுகொண்டிருந்தார்.