எட்டாம் நம்பர் அறையின் நீளம்

திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றின் எட்டாம் நம்பர் வகுப்பறை, 1938 ஜூனில் எலிசாள் சேர்ந்த மறுநாளிலிருந்து, உள்பக்கமாக மட்டும் நாளுக்குப் பத்து அடி வீதம் நீண்டது. வெளியே நின்று பார்த்தால் பழைய நாற்பது அடிதான். பின்சுவரை ஒட்டி நின்ற பலாமரம்கூட அசையவில்லை. உள்ளே போனால்தான் நடக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓணம் லீவிலும் அறை நீளவில்லை. சர்க்கார் விடுமுறையை அதுவும் அனுசரித்தது.

எலிசாள் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். அப்பா தாசையன் அங்கே கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை பார்த்தார். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து மூன்று தலைமுறையான சாம்பவக் குடும்பம். சேர்ந்ததில் பெயர்கள் மாறின, மற்றவர்கள் தள்ளி நிற்பது மாறவில்லை. கோவில்களை எல்லாருக்கும் திறந்துவிட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்த சமயம் அது. கல்லூரியும் தன் பங்குக்கு ஓர் உத்தரவு எழுதிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது: ஜாதி மத வித்தியாசமின்றி எல்லா மாணவர்களும் ஒரே கூரையின் கீழ்ப் பாடம் கேட்க வேண்டும். கணித வகுப்பில் நாற்பத்தொரு பேர். முன் பெஞ்சு பெண்களுக்கு. முதல் நாள் எலிசாள் அதில் உட்காரப் போனபோது, கரமனை அக்ரஹாரத்து சுப்புலக்ஷ்மி தன் புத்தகங்களைக் காலியிடத்தில் பரப்பி வைத்தாள். எலிசாள் கடைசி பெஞ்சுக்குப் போனாள். மறுநாள் அந்த பெஞ்சும் பின்சுவரும் பத்து அடி தள்ளியிருந்தன.

முதலில் அவள் பொருட்படுத்தவில்லை. மலையில் பிறந்தவளுக்கு நடை ஒரு விஷயமா? ஆனால் நவராத்திரி வருவதற்குள் போர்டில் எழுதுவதெல்லாம் எறும்பு வரிசையாகிவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை ஆஜர். பேராசிரியர் ஸ்ரீகண்டன் ரிஜிஸ்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், மூச்சு விடாமல் நம்பர் கூப்பிடுகிறவர். பதினேழு எலிசாள். அவள் தொண்டை கிழிய "பிரசன்ட் சார்" என்று கத்தினால், அது அவர் காதில் விழும்போது அவர் பதினெட்டுக்கு வந்திருப்பார். பதினெட்டு பட்டாபி, அவன் அந்நேரம் ஆரியசாலையில் காப்பி குடித்துக்கொண்டிருப்பான். பட்டாபியின் குரல் ஏன் பெண்குரலாக இருக்கிறது என்று அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை. அவனுக்கு ஒரு நாள்கூடத் தவறாத ஆஜர்; எலிசாளுக்குப் பெரும்பாலும் ஆப்சென்ட். முக்கால்வாசி நாளாவது ஆஜர் இருந்தால்தான் பரீட்சை எழுத முடியும். மேஜைக்கு அருகே நின்று சொல்லிப் பார்த்தாள். ஆஜரை அவரவர் இடத்திலிருந்துதான் சொல்ல வேண்டும் என்றார்.

ஏழு மனு எழுதினாள். ஹெட் கிளார்க் வெங்கடேஸ்வரன் கெட்ட மனிதரல்ல. ஒவ்வொரு மனுவையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்.

"உத்தரவுல என்ன எழுதியிருக்கு? ஒரே கூரைன்னு. கூரை ஒண்ணுதானே, குட்டி?"

"கூரை ஒண்ணுதான் சார். அந்தத் தலைக்கல் எல்லாரும், இந்தத் தலைக்கல், கடைசிக் கோடியில, நானும் இருக்கோம்."

"அப்போ வித்தியாசம் இல்லேன்னு நீயே சொல்றே," என்று அதையும் ஃபைலில் குறித்துக்கொண்டார்.

அளந்து பார்க்க ஓவர்சியர் சிவதாணு வந்தார். வெளியே நாற்பது அடி. உள்ளே அவருடைய டேப் நூறு அடியோடு தீர்ந்துபோனது. நடுவழியில் ஒரு தூணடியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எந்தக் கட்டடத்துக்கும் உள்ளளவு வெளியளவைவிட அதிகமாக இருக்க முடியாது, ஆகவே புகாருக்கு ஆதாரமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதன் நகலை எலிசாள் வராந்தாவில் நின்று படித்தாள். அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது. கிறிஸ்மஸுக்குப் போனபோது, படித்தது போதும், இங்கேயே இருந்துவிடு என்றார் தாசையன். அவள் பெட்டியைக் கட்டினாள்.

ஜனவரியில் ஆஜர் குறைந்தவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். அதில் ஒரே பெயர் இருந்தது. கடைசி பெஞ்சு அப்போது இரண்டு பர்லாங் தூரத்தில். எலிசாளுக்கு நடக்க மனசில்லை. சுப்புலக்ஷ்மியின் புத்தகங்களை எடுத்து அவள் மடியிலேயே வைத்துவிட்டு, முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுப்புலக்ஷ்மி பாதி எழுந்தாள். அதற்குள் பெஞ்சு புறப்பட்டுவிட்டது. காயலில் போகும் வள்ளம்போலச் சத்தமில்லாமல் பின்னோக்கி வழுக்கிப் போய்ப் பின்சுவரருகே நின்றது. சுப்புலக்ஷ்மி திரும்பி வாசலைப் பார்த்தாள். அது தீப்பெட்டி அளவில் தெரிந்தது.

"இத்தனை தூரமா? அங்கேர்ந்து பார்த்தா நீ கிட்டக்க இருக்காப்பலேன்னா தெரியும்."

"இங்கேருந்து பார்த்தா தினமும் இவ்வளவு தூரம்தான்," என்றாள் எலிசாள். அதை விளக்கிச் சொல்லும் பொறுமை அவளிடம் மிச்சமில்லை.

அன்று சுப்புலக்ஷ்மியும் ஆப்சென்ட். மறுநாள் எலிசாள் இரண்டாம் வரிசையில், ஆண்பிள்ளைகள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள், அதுவும் போனது. அதற்கடுத்த நாள் மூன்றாவது. சிலர் குதித்து இறங்கிப் பார்த்தார்கள். மணிக்கணக்காக நிற்க முடியாமல், உட்கார இடம் தேடிப் பின்னாலேயே நடந்தார்கள். இரண்டு வாரத்தில் எல்லா பெஞ்சுகளும் அந்தக் கோடிக்குப் போய்விட்டன. ஸ்ரீகண்டன் மட்டும் போர்டோடு இந்தக் கோடியில் நின்று, யாருமில்லாத தரைக்கு நுண்கணிதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உடனே நாற்பது மனுக்கள் வந்தன. மூன்றாம் நாள் பதில் வந்தது. மாதக்கணக்கில் கிடந்த எலிசாளின் மனுக்கள் அந்தக் கட்டோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்ததால், அவற்றுக்கும் பதில் கிடைத்தது. நாற்பத்தொரு பேருக்கும் ஆஜர் கொடுக்க வேண்டும். இனி ஆசிரியர் மாணவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய், முகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிட வேண்டும். உத்தரவில் 'சுப்புலக்ஷ்மி மற்றும் நாற்பது பேர்' என்றிருந்தது. தன் பெயர் எங்கே என்று எலிசாள் மூன்று முறை தேடினாள். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். படிக்க நிறைய பாக்கியிருந்தது.

அதன்பின் அறை நீளவில்லை. சுருங்கவுமில்லை. பேராசிரியருக்கு முட்டுவலி என்பதால் கல்லூரி ஒரு சைக்கிள் வாங்கியது. அவர் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து வகுப்புவரை சைக்கிளில் போய் வந்தார். டைம்டேபிளில் எட்டாம் நம்பருக்கு நேராகப் பத்து நிமிஷம் கூட்டி எழுதினார்கள்.

எலிசாள் 1940-ல் பி.எஸ்ஸி. தேறினாள்; ஐந்து வருஷம் நாகர்கோவிலில் பள்ளிக்கூடத்தில் கற்பித்துவிட்டு, அதே கல்லூரிக்கு டியூட்டராக வந்தாள். ஸ்ரீகண்டன் ஓய்வு பெற்றிருந்தார். வெங்கடேஸ்வரன் எட்டாம் நம்பர் சாவியைக் கொடுத்து, சைக்கிளுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவளுக்கு சைக்கிள் விடத் தெரியாது. சேலை கட்டிய பெண்பிள்ளை சைக்கிள் பழகுவதை வேடிக்கை பார்க்க ஆளில்லாத இடம் திருவனந்தபுரத்தில் இரண்டு பர்லாங் நீளத்துக்கு அது ஒன்றுதான் இருந்தது. அந்த வேனல் லீவில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நாலு தடவை விழுந்தாள். மூன்றாம் வாரம் முந்தானையை இழுத்துச் செருகி, வாசலில் மிதிக்க ஆரம்பித்து, பின்சுவர் வரை ஒரே மூச்சில் போய்த் திரும்பினாள்.