கிழக்குப் பார்த்த பலகை

அன்றைக்கும் விடியச் செய்தி வரவில்லை.

நெடுந்தீவு மேற்கில், மின்கம்பிகள் இன்னும் வந்துசேராத குறுகிய ஒழுங்கையில் ஒரு நன்னீர்க் கிணறு இருக்கிறது. ஆவணி பிறந்தால் அதிலும் உவர் ஏறத் தொடங்கும். இரவு முழுக்க ஊறவிட்டால் காலையில் சில நாள் நல்ல தண்ணீர் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. அதை அளந்து, பெண்கள் குடம் தூக்குவதற்கு முன்பே அவர்களின் கைபேசிக்குச் செய்தி அனுப்பவென்று, பாடசாலையில் கணினி படிப்பிக்கும் நிலுஜா கிணற்றடிக் கொட்டிலில் உள்ளங்கையளவு கணினி ஒன்றைப் பொருத்தியிருந்தாள். அதற்கான சோலர் பலகை, பற்றரி எல்லாம் அவளுடைய திட்டம்தான். கணினி எவ்வளவு மின்சாரம் குடிக்கும், வானம் மப்பு மூடினால் பற்றரி எவ்வளவு தாங்கும் என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டிருந்தாள்.

தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் ஓடியது. இப்போது சில நாட்களாகச் சாமத்திலேயே அணைந்துபோகிறது. செய்தி வராததால் பெண்கள் வந்து, உவரை வாயில் விட்டுத் துப்பிவிட்டு வெறும் குடத்தோடு திரும்பினார்கள்.

"ரீச்சர், உங்கட மெசினுக்கும் என்ர மனுசனுக்கும் ஒரே குணம். எழும்பவேண்டிய நேரத்திலதான் நித்திரை," என்றாள் இந்துஜா. கிணற்றடி முழுக்கச் சிரித்தது.

நிலுஜாவுக்குச் சுரீரென்றது. தன் கணக்கில் பிழை இருக்காது. அப்படியென்றால் யாரோ மின்சாரத்தை எடுக்கிறார்கள். கொட்டிலை ஒட்டியிருந்தது ஒரேயொரு வீடு. அது அவள் கணவன் அனுசனின் தமக்கை மீனாம்பிகையின் வீடு.

"மெசினில பிழையில்லை. ஆரோ பற்றரியில போன் சார்ஜ் போடுகினம்," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "கிட்ட இருக்கிற ஆக்களுக்கு அது லேசுதானே. என்ன மச்சாள்?"

மீனாம்பிகை முகம் கறுத்துப்போய், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அந்த மௌனமே போதும் என்று நிலுஜா நினைத்தாள்.

அதற்குப் பிறகு மீனாம்பிகை அந்தக் கிணற்றுக்கு வரவில்லை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்க, எங்கோ தூரத்துக் கிணற்றுக்கு நடந்து போய் வந்தாள். ஒழுங்கை முழுக்க அதைப் பார்த்தது.

அனுசன் கோபப்படவில்லை. அதுதான் நிலுஜாவை வருத்தியது. தாயில்லாத அவனை வளர்த்தவள் அக்கா. குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளத்தில் புதுப்பெண்ணாய் வந்த நிலுஜாவைக் கைபிடித்து இறக்கியவளும் அவள்தான்.

"அக்கா எடுத்திருந்தால் கேட்டுத்தான் எடுத்திருப்பா," என்றான்.

"என்னைக் கேக்கேல்லையே."

"நீரும் அவவைக் கேக்கேல்லை. சொன்னனீர்."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நிலுஜா நேரே கிணற்றடிக்குப் போனாள். கையும் களவுமாகப் பிடித்துக் கணவனுக்குக் காட்டவேண்டும் என்ற எண்ணம். கொட்டிலில் யாருமில்லை. பற்றரியில் வேறு வயர் எதுவும் செருகியிருக்கவில்லை. ஆனாலும் பலகையிலிருந்து மின்சாரம் பேருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. இந்த வெயிலிலா? வெளியே வந்து பார்த்தாள்.

பலகையின் முகம் நிழலில் இருந்தது. அதன் முதுகைத்தான் வெயில் பொசுக்கிக்கொண்டிருந்தது.

திட்டப்படி அது கூரையில், சற்றே தெற்குச் சாய்வாய், ஏறக்குறையப் படுத்திருக்கவேண்டும். திறப்பு விழாவன்று நிறைகுடம் வைத்துக் குத்துவிளக்கேற்றியபோது, கூரையில் கிடந்தால் படத்தில் விழாதே என்று அவள்தான் இறக்குவித்தாள். கிழக்குத்தான் மங்கலம் என்றார்கள். ஒழுங்கையும் அந்தப் பக்கமே இருந்தது. பலகையைக் கதவுபோல் நிமிர்த்தி, மாலை போட்டு, பக்கத்தில் நின்று சிரித்தாள். விழா முடிய மாற்றுவம் என்று சொன்னவள், போகிறவர்கள் நின்று பார்த்து, "எங்கட ரீச்சற்ர வேலை" என்று சொல்லக் கேட்டு, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டாள். பிறகு மறந்தே போனாள். நிரம்பி வந்த பற்றரி கொஞ்சக்காலம் தாங்கியது. அது தீர்ந்த பிறகு, காலை வெயில் மட்டும் தரும் மின்சாரம் சாமம்வரைக்கும்தான் காணும்.

அனுசன் வந்தபோது அவள் கொட்டில் வாசலில் குந்தியிருந்தாள். தலை குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்குச் சொல்லி என்ன பிரியோசனம்?" என்றான்.

"அவையள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். அக்கா வெயிலில நடக்கிறா."

பின்னேரம் மாடுகளுக்குத் தண்ணீர் அள்ளப் பெண்கள் கூடிய வேளையில் மீனாம்பிகை நிறைகுடத்தோடு ஒழுங்கையால் வந்தாள். நிலுஜா முன்னால் போய் நின்றாள்.

"மச்சாள், கொஞ்சம் நில்லுங்கோ. ஒருத்தரும் கரண்ட் எடுக்கேல்லை. பிழை என்ர. படத்துக்கு வடிவாய் இருக்கட்டும் எண்டு நான்தான் பலகையைத் திருப்பி வைச்சனான். அதைப் பாக்காமல் எல்லாருக்கும் முன்னால உங்களைச் சொல்லிப்போட்டன்."

"அப்ப களவெடுத்தது கமெராவோ ரீச்சர்?" என்று இந்துஜா கேட்டாள். சிரிப்புக் கிளம்பியது. நிலுஜா அதை வாங்கிக்கொண்டு நின்றாள்.

மீனாம்பிகை சிரிக்கவில்லை. "ஒருத்தரும் எடுக்கேல்லை எண்டு சொல்லாதையும். நான் ஒருக்கா எடுத்தனான். மகளுக்குப் பிள்ளை பிறந்த அண்டைக்கு. அவள் யாழ்ப்பாணத்தில ஆஸ்பத்திரியில, என்ர போன் செத்துப்போச்சு. உம்மட்டைக் கேப்பம் எண்டால் நீர் பள்ளிக்கூடத்தில. அதுதான் நீர் சொன்ன அண்டைக்கு எனக்கு வாய் வரேல்லை. என்னாலதான் எல்லாரும் தண்ணியில்லாமல் போகினம் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சன்."

சிரிப்பு நின்றுபோனது. ஒரு கைபேசிக்குப் போகும் மின்சாரம் கிணற்றில் ஒரு செம்பு அள்ளியதற்குக்கூடச் சமமில்லை. அதை நிலுஜா அறிவாள். ஆனால் இது அதை விளங்கப்படுத்தும் நேரமில்லை. இத்தனை நாளும் அந்தக் குடத்தோடு மச்சாள் சுமந்தது என்னவென்று தெரிந்தபோது, அவளால் நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

"வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம் நீர்," என்றாள் மீனாம்பிகை.

"ஓம் மச்சாள்."

"ம்." அவள் நடந்தாள்.

பொழுதுபட முதல் அனுசன் பலகையைக் கூரையில் கிடத்தினான். நிலுஜா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் நல்ல வெயில். அதற்கடுத்த விடியலில் செய்தி வந்தது: தண்ணீர் நல்லது, அள்ளலாம்.

பெண்கள் வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் மீனாம்பிகையும் வந்து, யாரையும் பாராமல் குடத்தைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். நிலுஜா வாளியை இறக்கி அள்ளி அள்ளி ஊற்றினாள். குடம் நிறைந்து வழிந்தது. அவள் கை நிற்கவில்லை.

"காணும், விடும்," என்றாள் மீனாம்பிகை. "மற்ற ஆக்களும் நிக்கினம்."