மேகம் ஒட்டிய நாள்

இன்னைக்கு வந்திருக்கா, இல்லையா?

கட்டிலில் கண்ணைத் திறக்காமலே அவள் தன் காதைப் பற்றித்தான் விசாரித்தாள். இரண்டு விரல்களைக் காதருகே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். வலது பக்கம் சுத்தமாக ஒன்றுமில்லை. இடது பக்கம், எங்கோ தூரத்தில் யாரோ காகிதம் கசக்குகிற மாதிரி. வரவில்லை. நேற்று பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது வரை கேட்டது. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன்கூட இவ்வளவு திமிராகப் போய்வர மாட்டான்.

எழுந்து போய் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த சூரியனை எடுத்துவிட்டு மேகத்தை ஒட்டினாள். காந்தம் வைத்த அந்தப் பொம்மைகளை வாங்கிவந்தது அவள் கணவன். சூரியன் என்றால் கேட்கும் நாள், மேகம் என்றால் கேட்காத நாள். வீட்டில் யாரும் வீணாகத் தொண்டை கிழியக் கத்த வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான்.

மேக நாளில் அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். ஒருமுறை "என்ன?" என்று கேட்கலாம். மறுபடி கேட்டால் எதிரே இருப்பவரின் புருவம் ஏறும். அதற்கு மேலும் கேட்டால், "ஒண்ணுமில்ல, விடு." அந்த 'விடு'வுக்குப் பயந்தே கழுத்து பழகிப்போயிருந்தது.

முன்னறையில் தையல் வேலை. ஜன்னலுக்கு முதுகு காட்டி அவள் உட்காருவாள். துணி கொண்டுவருகிறவர்கள் முகத்தில் வெளிச்சம் விழ எதிரே நிற்பார்கள். உதடுகள் பளிச்சென்று தெரியும். கை லூசா, நீளம் குறைவா, எதுவும் பிசகாது.

மத்தியானம் ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோல் 'நறுக்' என்றது. காது வந்துவிட்டது. போய்ப் பொம்மையை மாற்ற வேண்டும். ஆனால் வாயில் குண்டூசி, மடியில் துணி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கணவனும் அவன் தங்கையும் உள்ளே வந்தார்கள். நாத்தனாருக்கு இந்த ஊருக்கு வேலை மாற்றல். இனி இவர்களோடுதான் இருக்கப்போகிறாள். அவன் சைகை காட்டி அளவு டேப்பைக் கேட்டான். இவள் கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"கட்டில் இந்தச் சுவரோரம். உன் டேபிள் ஜன்னல்கிட்ட," என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டே மனைவியின் டேப்பாலேயே சுவரை அளந்தான்.

"மெஷின்?"

"பின் ரூமுக்கு."

"அண்ணா, அது பகல்லயே குகை மாதிரி இருக்கும். அண்ணி ஒத்துக்குவாங்களா?"

"மேகம்தான் ஒட்டி வச்சிருக்காளே. இன்னைக்குக் கேட்டா தலையாட்டிடுவா. மீன் தொட்டி எப்படி வந்துச்சுன்னு நினைக்கிற?"

அவள் கை நின்றது. அந்தத் தொட்டிக்கு எப்போது சம்மதித்தோம் என்று, அதைத் தேய்த்துக் கழுவும்போதெல்லாம் யோசித்திருக்கிறாள். மறதியும் சேர்ந்துகொண்டதோ என்று பயந்துகூட இருக்கிறாள்.

"பாவம்ணா."

"பாவம்தான். சூரியன் இருக்கிற அன்னிக்கு இவகிட்ட ஒரு ஸ்பூனை இடம் மாத்திப் பாரு, அப்ப தெரியும் யாரு பாவம்னு."

நாத்தனார் சிரித்துவிட்டாள். இவளுக்கும் சிரிப்பு முட்டியது. குண்டூசிகளுக்காக அடக்கிக்கொண்டாள். ஏமாற்றியது அவ்வளவாக உறைக்கவில்லை. தன் தலையாட்டல் யாருக்கும் தெரியாது என்றல்லவா நம்பியிருந்தாள்? அவன் கவனித்திருக்கிறான். கேட்காமலே கேட்டதுபோல அவள் படும் பாட்டையெல்லாம் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு உபயோகமும் கண்டுபிடித்திருக்கிறான்.

பின்னறையில் தலைக்கு மேலே ஒரே ஒரு பல்பு. எதிரே நிற்பவர் முகம் பாதி நிழல். அங்கே மேக நாளில் தலையாட்டித் துணி வாங்கினால், பாவாடை கேட்டவருக்குக் கால்சட்டைதான் போகும். பிறகு யார் வருவார்கள்?

அவன் அவளுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மேக நாளுக்கென்றே வைத்திருக்கும் முகத்தை மாட்டிக்கொண்டான். பெரிய வாய், பெரிய சிரிப்பு.

"பின் ரூம்... உனக்கு... வசதியா... இருக்கும். மாத்திடலாமா?"

கேட்டுவிட்டுத் தானே முதலில் தலையாட்டினான். எப்போதும் இப்படித்தான் ஆரம்பித்துவைக்கிறானா? அவள் கழுத்தும் கூடவே இறங்கத் தொடங்கியது. பாதியில் பிடித்து நிறுத்தினாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் திண்டில் குத்தினாள்.

"வேண்டாம்."

அவன் கழுத்தை நீட்டி ஃப்ரிட்ஜைப் பார்த்தான். மேகம் வைத்த இடத்திலேயே இருந்தது.

"மாத்... திட... லாமா?"

"வாயை அவ்வளவு தொறக்காதீங்க, வலிக்கப்போகுது," என்றாள். "நான் இந்த ஜன்னலை விட்டு நகர்றதா இல்ல."

டேப்பைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.